சமூகப்பணியில் கலாநிதிப் பட்டம்: எதற்காக, எப்படி?

"சமூக சேவை செய்யிறதுக்கு என்னத்துக்கு டீச்சர் கலாநிதிப் பட்டம்? எங்கட பள்ளிவாசல்ல ஜனாஸா வேலை பார்க்கிற ஆக்கள் எல்லாரும் பி.எச்.டி. முடிச்சிட்டா வந்தாங்க?"

என்னிடம் உயர்தரத்தில் தமிழ் படித்த ஒரு மாணவியின் வாப்பா கேட்ட கேள்வி இது. மகள் சமூகப்பணியில் முதுமாணி முடித்துவிட்டு, தென்னிந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் கலாநிதிப் பட்டத்துக்குப் பதியப் போவதாகச் சொல்லியிருந்தாள். அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். எனக்கும் அன்று சரியான பதில் தெரியவில்லை. "படிக்கட்டும் காக்கா, படிப்பு வீண்போகாது" என்று பொதுவாக ஒன்றைச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு, அவளுடைய வினாக்கொத்தின் தமிழைத் திருத்திக் கொடுக்கப் போய், ஐந்து வருடம் அந்த ஆய்வின் பக்கத்திலேயே இருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அன்று சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் உதவினால் சந்தோஷம்.

சேவையும் பணியும்

நமது சமூகத்தில் சேவைக்குக் குறைவில்லை. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் புத்தளம் வந்து சேர்ந்தபோது, அங்குள்ள மக்கள் அவர்களுக்குச் சமைத்துக் கொடுத்தார்கள், இடம் கொடுத்தார்கள். 2004 சுனாமியின்போது கிழக்கில் ஜனாஸாக்களை எடுத்து அடக்கியதில் ஊர் இளைஞர்களே முன்னால் நின்றார்கள். யாரும் பட்டம் படித்துவிட்டு அதைச் செய்யவில்லை. வாப்பா சொன்னதில் அவ்வளவும் சரி.

ஆனால் 'சமூக சேவை' வேறு, 'சமூகப்பணி' வேறு. உலர் உணவுப் பொதி கொடுப்பது சேவை. பொதி போன வீட்டில் மூன்று மாதத்தின் பின் என்ன நடந்தது, பிள்ளை பாடசாலைக்குத் திரும்பியதா, பொதி போகாத பக்கத்து வீட்டின் நிலை என்ன என்று முறையாகப் பார்த்து, அதற்கேற்ப அடுத்த உதவியை மாற்றி அமைப்பது சமூகப்பணி. முன்னதற்கு இரக்கம் போதும். பின்னதற்கு இரக்கத்தோடு பயிற்சியும் வேண்டும்.

இந்த வேறுபாடு உலகத்துக்கும் இலகுவில் விளங்கிவிடவில்லை. 1899இல் அம்ஸ்ரர்டாமில் சமூகப்பணிக்கான பயிற்சி நிலையம் ஒன்று தொடங்கியது. 1915இல் அமெரிக்காவின் பால்டிமோரில் நடந்த மாநாடொன்றில் ஏப்ரகாம் ஃபிளெக்ஸ்னர் என்ற கல்வியாளர், சமூகப்பணி இன்னும் ஒரு தொழிற்றுறை ஆகவில்லை, அதற்கென்று தனியான முறையியல் இல்லை என்று பேசினார். அந்தப் பேச்சு அந்தத் துறையில் இருந்தவர்களை நன்றாகவே சுட்டது. இரண்டு வருடத்தில், 1917இல், மேரி றிச்மண்ட் 'சமூக நோயறிதல்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். ஒரு குடும்பத்தின் நிலையை எப்படி விசாரிப்பது, எந்தச் சான்றை எவ்வளவு நம்புவது என்பதே அதன் பேசுபொருள். 1920இல் சிக்காகோ பல்கலைக்கழகத்துக்குள் சமூகப்பணிக் கல்வி ஒரு தனிப் பாடசாலையாக நுழைந்தது. 1924இல் அதன் பீடாதிபதியான எடித் அபட், அறச்செயலுக்கும் ஆராய்ச்சி வேண்டும் என்பதில் உறுதியாக நின்றவர்.

நமது பக்கம் வந்தால், 1936இல் பம்பாயில் சேர் டொராப்ஜி டாட்டா பட்டப்பின் சமூகப்பணிப் பாடசாலை தொடங்கியது. இன்று டாட்டா சமூக விஞ்ஞான நிறுவனம் என்று அறியப்படுவது அதுதான். சென்னையில் 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் ஒரு சமூகப்பணிப் பாடசாலையைத் தொடக்கினார். அதே 1952இல் இலங்கையிலும் சமூகப்பணிப் பயிற்சி நிறுவனம் ஒன்று உருவானது. அதுவே பல மாற்றங்களுக்குப் பின்னர் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் ஆனது. ஆனால் அங்கே சமூகப்பணி இளமாணிப் பட்டம் 2005இல்தான் வந்தது, முதுமாணி 2008இல். பயிற்சி தொடங்கிப் பட்டம் வர ஐம்பது வருடத்துக்கு மேல் எடுத்திருக்கிறது. நமது வீடுகளில் இந்தப் படிப்பின் பெயர் இன்னும் புதிதாக ஒலிப்பதில் வியப்பில்லை.

எங்கே படிக்கலாம்?

இலங்கையில் கலாநிதிப் பட்டம் தேசிய தகைமைச் சட்டகத்தில் பன்னிரண்டாவது மட்டம். அதற்கு மேல் மட்டம் இல்லை. முழுநேரமாகப் படித்தால் குறைந்தது மூன்று வருடம். பலர் முதலில் முதுதத்துவமாணிக்குப் பதிந்து, வேலை நன்றாகப் போனால் கலாநிதிக்கு உயர்த்திக்கொள்கிறார்கள். சமூகவியல் துறையின் கீழ் பதிந்து, சமூகப்பணி சார்ந்த தலைப்பை எடுப்பவர்களும் உண்டு. அப்படிப் பதியும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு விடயம் ஏன் இப்படி நடக்கிறது என்று சமூகவியல் கேட்கும். அதற்கு என்ன செய்யலாம், செய்தது பயன்பட்டதா என்று சமூகப்பணி மேலும் கேட்கும். மேற்பார்வையாளர் இந்த இரண்டாவது கேள்விக்கு இடம் தருவாரா என்பதை முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.

இந்தியாவில் 2022ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக்குழு விதிகள் நடைமுறையில் உள்ளன. குறைந்தது மூன்று வருடம், கூடியது ஆறு வருடம். பெண்களுக்கு மேலதிகமாக இரண்டு வருடம் தரலாம். மகப்பேறு, பிள்ளைப் பராமரிப்பு விடுமுறையாக மொத்தம் 240 நாட்கள் வரை எடுக்கலாம். ஆய்வுக்கு முன் பாடநெறி வேலை கட்டாயம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆலோசனைக் குழுவின் முன் தோன்றி, செய்ததைச் சொல்ல வேண்டும். ஒரு மேற்பார்வையாளர் தனக்குரிய எண்ணிக்கைக்கு மேலாக வெளிநாட்டு மாணவர் இருவரை ஏற்கலாம் என்பது நமது பிள்ளைகளுக்குப் பயனுள்ள விதி.

அமெரிக்காவில் இருவகைப் பட்டம் உண்டு. பி.எச்.டி. ஆய்வுக்கானது, விரிவுரையாளர், ஆய்வாளர் ஆக விரும்புவோர் எடுப்பது. 'சமூகப்பணிக் கலாநிதி' என்ற மற்றப் பட்டம் இப்போது பெரும்பாலும் களத்தில் நீண்டகாலம் வேலை செய்தவர்கள் தமது தொழிலில் மேலே போவதற்கானது. முதலாவதில் கட்டண விலக்கும் உதவித்தொகையும் கிடைக்க வாய்ப்புக் கூட. இரண்டாவதில் பெரும்பாலும் சொந்தக் காசு. பெயர் ஒரேமாதிரி இருக்கிறதே என்று விண்ணப்பித்துவிட்டுப் பின்னர் தடுமாறக்கூடாது.

படிகள்

எந்த நாட்டில் படித்தாலும் படிகள் ஏறத்தாழ ஒன்றுதான். முதலில் ஆய்வு முன்மொழிவு: என்ன கேள்வி, ஏன் அது முக்கியம், யாரிடம் எப்படித் தகவல் எடுப்பது. அடுத்தது முன்னைய ஆய்வுகளைப் படித்தல். நமக்கு முன் யார் என்ன சொன்னார்கள், எந்த இடத்தில் மௌனமாக இருந்தார்கள் என்று தேடுவது. பிறகு ஒழுக்கவியல் மீளாய்வுக் குழுவின் அனுமதி. அது கிடைக்காமல் ஒரு வீட்டுக் கதவையும் தட்டக்கூடாது. அதன்பின் களவேலை, பகுப்பாய்வு, எழுத்து. கடைசியில் வெளிப் பரீட்சகர்களின் முன் வாய்மொழிப் பரீட்சை, 'வைவா'.

இப்படி எழுதும்போது ஒரு நேர்கோடு மாதிரித்தான் தெரிகிறது. உண்மையில் அது சுற்றிச் சுற்றி வரும். என் மாணவியின் ஆய்வில் மிகப் பெரிய மாற்றம், களவேலைக்குப் போன பிறகுதான் வந்தது.

கேள்வி மாறிய கதை

அவள் எடுத்த தலைப்பு, மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகச் சென்ற தாய்மாரின் பிள்ளைகள் பற்றியது. 2013 முதல் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் உள்ள தாய்மார் இந்த வேலைக்குப் போவதை அரசாங்கம் கட்டுப்படுத்தியது. குடும்பப் பின்னணி அறிக்கையும் கேட்டது. 2022இல் அந்த விதி தளர்த்தப்பட்டது. ஆகவே தலைப்பு பொருத்தமானதே. 'தாய் இல்லாத வீட்டில் பிள்ளைக்கு என்ன நடக்கிறது?' என்பதுதான் அவள் எழுதிக்கொண்டு போன கேள்வி.

வெளிநாட்டு நூல்கள், தாய்க்குப் பதிலாக வரும் 'மாற்றுப் பராமரிப்பாளர்' என்று ஒருவரைப் பேசுகின்றன. ஆனால் கிழக்கிலங்கை முஸ்லிம் வீட்டில் நிலைமை வேறு. நமது வழக்கத்தில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். பிள்ளை பிறக்கும்போதே மூத்தம்மா அதே வளவில்தான் இருக்கிறா. அவ யாருக்கும் பதிலாக வந்தவ இல்லை. பிள்ளை ஏற்கெனவே அவட கையில்தான் சோறு தின்றது.

பத்துப் பன்னிரண்டு வீடுகள் போன பிறகு இது அவளுக்கு உறைத்தது. பிள்ளைகளைப் பற்றிக் கேட்கக் கேட்க மூத்தம்மாமார் ஒழுங்காகப் பதில் சொன்னார்கள். கடைசியில், கொப்பியை மூடிய பிறகு, ஒரு மூத்தம்மா சொன்னாவாம்: "இவ்வளவும் கேட்டியே மகள், எனக்குச் சீனி எவ்வளவு எண்டு நீ கேக்கல்லியே." அறுபத்தைந்து வயது, நீரிழிவு, முழங்கால் நோவு, மூன்று பேரப்பிள்ளைகள். கிளினிக் நாளில் யார் பிள்ளைகளைப் பார்ப்பது என்று தெரியாமல் கிளினிக்கையே விட்டுவிட்டா.

அன்றிரவு அவள் எனக்கு அழைத்தாள். "டீச்சர், நான் பிழையான கேள்வியோட வந்திட்டன் போல." மேற்பார்வையாளரிடம் பேசி, ஒழுக்கவியல் குழுவிடம் திரும்பவும் அனுமதி எடுத்து, கேள்வியை மாற்றினாள். 'பிள்ளையைப் பார்க்கிற மூத்தம்மாவை யார் பார்க்கிறது?' இதற்கு ஏழு மாதம் போனது. அந்த ஏழு மாதமும் வீண் என்று வீட்டில் நினைத்தார்கள். என் எண்ணம் வேறு. கலாநிதிப் படிப்பில் அவள் உண்மையாகப் படித்த பாடம் அதுதான். தான் கொண்டுபோன கேள்வியைக் களம் திருத்த இடம் கொடுப்பதற்கு அறிவோடு பணிவும் வேண்டும்.

தமிழில் கேட்பது

எனக்கு வேலை வந்தது இந்த இடத்தில்தான். ஆங்கிலத்தில் இருந்த வினாக்கொத்தை யாரோ தமிழாக்கியிருந்தார்கள். இலக்கணப் பிழை இல்லை. ஆனால் அந்தத் தமிழ் எந்த வீட்டிலும் பேசப்படாத தமிழ்.

'கடந்த இரு வாரங்களில் நீங்கள் மன அழுத்தத்தை உணர்ந்தீர்களா?' என்று ஒரு கேள்வி. "அழுத்தம் இரிக்கி மகள், பிறசருக்குக் குளிசை குடிக்கிறன்" என்று ஒரு உம்மா பதில் சொல்லியிருக்கிறா. அவ சொன்னது இரத்த அழுத்தம். அதே உம்மாவிடம் "கல்பு பாரமா இருக்கிற நாள் இரிக்கா?" என்று கேட்டபோது அரை மணித்தியாலம் பேசினாவாம். 'குடும்பத் தலைவர் யார்?' என்று இன்னொரு கேள்வி. எல்லா வீட்டிலும் ஓர் ஆணின் பெயரே வந்தது; சில வீடுகளில் அவர் வீட்டைவிட்டுப் போய்ப் பல வருடம். "இந்த வீட்டுல அரிசி வாங்கிற காசு யாரிட கையில இரிக்கி?" என்று மாற்றினோம். பதில்களும் மாறின.

நான் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்தவள். வகுப்பில் பேச்சு வழக்கைச் சிவப்புப் பேனாவால் வெட்டியே பழகிய கை. அந்தக் கையால் 'கல்பு', 'நஸீபு', 'விசர்' என்ற சொற்களை ஓர் ஆய்வுக் கருவியில் எழுதிச் சேர்த்தபோது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. திருத்திய கேள்விகளை, மூலத்தைப் பார்க்காத வேறொருவரைக் கொண்டு திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றி, பொருள் சிதையவில்லை என்று உறுதிப்படுத்தினாள். பின்மொழிபெயர்ப்பு என்று இதற்குப் பெயர். ஆய்வு செய்யப் போகும் பிள்ளைகள், ஆங்கிலம் போதாதே என்று மட்டும் கவலைப்படுகிறார்கள். ஆங்கிலம் வேண்டும்தான், ஆய்வேடு பெரும்பாலும் அதில்தான். ஆனால் ஊர்த் தமிழ் தெரியாதவருக்கு எழுதுவதற்குத் தகவலே கிடைக்காது.

அமானிதம்

ஆய்வேட்டில் வரும் பேச்சுக்களைச் சரிபார்க்க முன்னர், இரகசியம் காப்பேன் என்று நானும் ஒரு தாளில் கையெழுத்து வைத்தேன். வந்த தாள்களில் பெயர் இல்லை, ஊர் இல்லை, எண்கள் மட்டும்.

நமது ஊர்களில் இது சின்ன விடயம் அல்ல. தெருவையும் தொழிலையும் சொன்னாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். ஒரு பெண் தனக்குச் சின்னப் பிள்ளை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அது வெளியே வந்தால் சட்டச் சிக்கல். ஒரு குமர்ப்பிள்ளையின் வீட்டுக் கதை வெளியே வந்தால் கலியாணம் குழம்பும். ஆகவே தகவல் தருபவருக்கு ஆய்வு எதற்கென்று விளங்கச் சொல்லி, 'வேண்டாம்' என்று சொல்லவும், பாதியில் நிறுத்தவும் உரிமை கொடுத்து, அதன் பிறகே சம்மதம் வாங்க வேண்டும். இதனைப் பல்கலைக்கழகங்கள் ஒரு படிவமாகத் தருகின்றன. நமக்கு இதற்கு 'அமானிதம்' என்று பழைய சொல்லே இருக்கிறது.

அந்தத் தாள்களில் ஓரிடத்தில் ஒரு மூத்தம்மா, பேரனின் தேர்ச்சி அறிக்கையை வாசிக்கத் தெரியாமல் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து வாசித்ததைச் சொல்லியிருந்தா. 'வீட்டில் கவனிப்புப் போதாது' என்று ஆசிரியை எழுதியிருந்தாவாம். நான் அப்படியே ஒரு வசனத்தை, தினமும் பிந்தி வரும் ஒரு பையனின் அறிக்கையில் எழுதியிருக்கிறேன். அது என் மாணவன்தானா என்று எனக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் முறை. மாணவியிடம் நான் கேட்கவும் இல்லை. ஆனால் அதன் பிறகு அந்த வசனத்தை நான் எந்த அறிக்கையிலும் எழுதவில்லை. அதற்கு முன் அந்த வீட்டுக்கு ஒருமுறை போய் வருகிறேன்.

காலமும் செலவும்

இந்தப் படிப்பை நினைக்கும் பிள்ளைகளுக்குச் சில விடயங்களைத் திறந்து சொல்ல வேண்டும்.

முதலாவது, முதுமாணி முடித்த உடனே ஓட வேண்டாம். இரண்டு வருடமாவது களத்தில் வேலை செய்துவிட்டுப் போனால் கேள்வி கையில் இருக்கும். இரண்டாவது, பல்கலைக்கழகத்தின் பெயரைவிட மேற்பார்வையாளரைப் பாருங்கள். அவர் எழுதியதை வாசியுங்கள்; அவரிடம் இப்போது படிக்கும் மாணவர் ஒருவரிடம் பேசுங்கள். மூன்றாவது, காசு. கட்டணத்தை மட்டும் கணக்குப் பார்க்காமல் பயணம், தங்குமிடம், களவேலை, ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கும் செலவு என்று எல்லாவற்றையும் எழுதிப் பாருங்கள். இந்தியாவுக்குப் போவோர் இந்தியக் கலாசார உறவுகள் பேரவையின் புலமைப்பரிசில்களைத் தேடிப் பார்க்கலாம். அரச சேவையில் இருப்பவர்கள் கல்வி விடுமுறை பற்றி முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான்காவது, பெண்பிள்ளைகளின் விடயம். "படிச்சு முடிய வயசு போயிரும்" என்ற பேச்சு எல்லா வீட்டிலும் வரும். என் மாணவி இரண்டாம் வருடத்தில் கலியாணம் முடித்து, நான்காம் வருடத்தில் பிள்ளை பெற்றாள். களவேலைக்குப் போகும்போது அவளுடைய பிள்ளையைப் பார்த்தது அவட உம்மாதான். மூத்தம்மாமாரைப் பற்றி எழுதியவளின் ஆய்வேடும் ஒரு மூத்தம்மாவின் முதுகில்தான் நின்றது. நன்றியுரையில் அதனை அவள் எழுதியிருக்கிறாள்.

ஒரு வரி

வைவா முடிந்து ஊருக்கு வந்ததும் ஸகாத் குழுவுக்கு முன்னால் தனது முடிவுகளைத் தமிழில் வாசித்தாள். குழுவின் விண்ணப்பப் படிவத்தில் விதவை, அநாதை, நோயாளி, கடனாளி என்று வகைகள் இருந்தன. மகள் வெளிநாட்டில் இருக்கும் மூத்தம்மாவின் வீடு, 'வெளிநாட்டுக் காசு வருகிற வீடு' என்று முதலிலேயே வெட்டுப்பட்டுவிடும். அவள் பேசிய வீடுகள் பலவற்றில் காசு ஒழுங்காக வருவதில்லை. வந்தாலும் கடனுக்கே போய்விடுகிறது. மருந்துக்கு மிஞ்சுவதில்லை. குழுவில் யாரும் கெட்ட எண்ணத்தில் வெட்டவில்லை. யாரும் போய்க் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது படிவத்தில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது: 'பேரப்பிள்ளைகளைப் பராமரிக்கும் முதியவர்.' அதன் கீழே, 'கிளினிக் செல்கிறாரா?' என்று ஒரு கேள்வியும்.

கூட்டம் முடிந்து வரும்போது அவளுடைய வாப்பா என்னிடம் கேட்டார். "அந்த ஒரு வரிக்கா டீச்சர் அஞ்சு வருஷம்?"

"ஓம் காக்கா," என்றேன். "அந்த வரி இல்லாம எத்தனை வருஷம் பட்டியல் போட்டோம் எண்டு பாருங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, தனக்குத் தெரிந்த வீடு ஒன்று பட்டியலில் இல்லை என்று சொல்லி, குழுவின் செயலாளரைத் தேடிக்கொண்டு உள்ளே போனார்.